ரோசாப்பூத் துரை

மதுரைக்குத் தெற்கே, அருப்புக்கோட்டை, திருச்சுழி, கமுதி என விரிந்து கிடக்கும் நிலப்பரப்பு வானம் பார்த்த பூமியாகும். மேற்கு மலைச்சாரலில் பிறக்கும் குண்டாறு, திருமங்கலத்தைக் கடந்து திருச்சுழியின் அருகே ஓடிக் கீழைக் கடலை நோக்கிச் செல்கின்றது. ஆயினும், அவ்வாற்றில் மணலைக் காணும் நாட்களே மிகுதி. நீரைக் காணும் நாட்கள் சிலவே. ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் மழை தவறாது பெய்தால் கண்மாய்கள் நிறையும். கம்பும் சோளமும் பருத்தியும் விளையும். மழை பொய்த்தால் உழவன் வாடுவான். அவனுடைய மாடும் வாடும்.

இத்தகைய நாட்டில் மண்ணை மட்டும் நம்பி உயிர் வாழ்தல் அரிது. ஆகவே, முற்காலத்தில் இங்கு வாழ்ந்த மக்களுள் ஒரு சாரார் ஊர்க்காவல் புரிந்து, அதற்குக் கூலியாக விளைச்சலில் ஒரு பங்கைப் பெற்று வந்தனர். ஆங்கில ஆட்சி வேரூன்றியபின் காவல் தொழில் அரசாங்கப் போலீசாரின் கைக்கு மாறிற்று. பழைய காவலர்கள் பிழைப்பை இழந்தனர். 1876 ஆம் ஆண்டில் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் எஞ்சியிருந்ததையும் வாரிக்கொண்டு போயிற்று. பலர் இலங்கைக்கும் பர்மாவுக்கும் கப்பல் ஏறினர். வேறு பலர் மதுரையிலும் தூத்துக்குடியிலும் எழுந்த பஞ்சாலைகளின் வாயிலில் வேலை கேட்டு நின்றனர். கரிசலில் விளைந்த பருத்தியும் அவ்வாலைகளுக்கே சென்றது; அங்கே நூலாகி, அருப்புக்கோட்டை போன்ற ஊர்களின் கைத்தறிகளுக்கு மீண்டும் வந்தது. மண்ணின் விளைவும் மண்ணின் மக்களும் ஒரே வழியில் நகரை நோக்கி நடந்த காலம் அது.

ஊரில் எஞ்சியவர்களை ஒரு கொடுஞ்சட்டம் வாட்டியது. நகருக்குச் சென்றவர்களை ஆலை வாட்டியது. இவ்விரு துன்பங்களையும் எதிர்த்து அம்மக்களின் பக்கம் நின்றவர் ஒருவர் உண்டு. அவர் இந்நாட்டில் பிறந்தவர் அல்லர். இம்மக்களின் குலத்தவரும் அல்லர். அவர்களுடைய சமயத்தைச் சார்ந்தவரும் அல்லர். ஆயினும், அவரைத் தம்முள் ஒருவராகவே மக்கள் போற்றினர். ரோசாப்பூத் துரை என்று அன்புடன் அழைத்தனர். அவரே பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் ஆவார்.

இளமையும் கல்வியும்

ஜார்ஜ் ஜோசப் 1887 ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 5 ஆம் நாள் திருவிதாங்கூர் நாட்டைச் சேர்ந்த செங்கன்னூரில் பிறந்தார். அவருடைய குடும்பம் சிரியக் கிறித்தவக் குடும்பம். அவரே பெற்றோருக்கு மூத்த மகன். பிற்காலத்தில் இந்தியப் பத்திரிகை உலகில் பெரும்புகழ் பெற்ற போத்தன் ஜோசப் அவருக்கு இளையவர்.

ஜோசப் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றார்; பின்னர் ஸ்காட்லாந்து சென்று எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்று எம்.ஏ. பட்டம் பெற்றார், இலண்டனில் சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனார். 1909 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாயகம் திரும்பினார். முதலில் சென்னையில் வழக்கறிஞராக இருந்தார். பிறகு மதுரைக்கு வந்து அங்கேயே தொழில் நடத்தலானார்.

அக்காலத்தில் சீமைக்குச் சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்று வருவோர் மிகச் சிலர். அவர்களுக்குப் பொருளும் புகழும் தேடாமலே வந்தன. வெள்ளைத் துரைமாரோடு ஒப்ப அமரும் தகுதியும் கிடைத்தது. ஜோசப்பின் வழக்குத் தொழிலும் விரைவில் வளம் பெற்றது. அவர் விரும்பியிருந்தால் அந்த வாழ்வோடு நின்றிருக்கலாம். ஆனால், அவருடைய உள்ளம் வேறு திசையில் சென்றது.

அன்னி பெசண்ட் அம்மையார் தன்னாட்சி இயக்கத்தைத் தொடங்கி நாடெங்கும் பரப்பி வந்தார். இந்தியாவின் உரிமையை இங்கிலாந்து மக்களிடம் எடுத்துரைப்பதற்காக அம்மையார் அனுப்பிய மூவருள் ஜோசப்பும் ஒருவர். அவர்கள் ஏறிச் சென்ற கப்பல் ஜிப்ரால்டரை அடைந்ததும் அதிகாரிகள் அவர்களைத் தடுத்துக் கைது செய்து, இந்தியாவுக்கே திருப்பி அனுப்பிவிட்டனர். சென்ற காரியம் நிறைவேறவில்லை. எனினும், ஆளுவோரின் சட்டம் வேறு, நீதி வேறு என்பதைச் சட்டம் கற்ற அவ்விளைஞர் தம் வாழ்விலேயே கண்டுகொண்டார்.

ஆலைத் தொழிலாளரின் துணைவர்

மதுரைப் புகைவண்டி நிலையத்தின் அருகே ஹார்வி என்னும் ஸ்காட்லாந்துக் குடும்பத்தார் 1892 ஆம் ஆண்டில் பெரியதொரு நூற்பாலையை நிறுவினர். மதுரை ஆலை என்பது அதன் பெயர். மக்கள் அதனை ஹார்வி மில் என்றே அழைத்தனர். சுற்றிலும் உள்ள வறண்ட நாட்டு ஊர்களிலிருந்து ஆண்களும் பெண்களும் அங்கு வேலைக்கு வந்தனர்.

அக்காலத்து ஆலை வேலை எத்தகையது? 1911 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின்படி, பஞ்சாலையில் வயது வந்த ஆடவர் ஒருவரை நாளொன்றுக்கு 12 மணி நேரம் வேலை வாங்கலாம். பொழுது புலருமுன் ஆலைச் சங்கு ஊதும். பொழுது சாய்ந்தபின்தான் வீடு திரும்ப முடியும். பஞ்சுத் தூசு மூக்கிலும் நெஞ்சிலும் படியும். வேலை கிடைப்பதும் போவதும் மேஸ்திரியின் மனத்தைப் பொறுத்தவை. சிறு பிழைக்கும் கூலியில் அபராதம் பிடிப்பது ஆலைகளின் வழக்கமாக இருந்தது. முதல் உலகப் போரின்போது அரிசி, துணி முதலியவற்றின் விலை ஏறிற்று; கூலி அதற்கேற்ப ஏறவில்லை. தனியொரு தொழிலாளி வாய் திறந்து குறை கூறினால், மறுநாள் அவனுடைய இடத்தில் வேறொருவன் நிற்பான். வெளியே வேலையின்றிக் காத்திருப்போர் அத்துணை பேர்!

தனியொருவனால் இயலாததைப் பலர் கூடினால் செய்யலாம் என்னும் உண்மையைத் தொழிலாளர் உணரத் தொடங்கினர். 1918 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 27 ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா அதன் தலைவரானார், திரு.வி. கலியாணசுந்தரனார் அதற்குத் துணை நின்றார். அதே 1918 ஆம் ஆண்டில் மதுரையிலும் ஆலைத் தொழிலாளர் ஒன்று திரண்டு சங்கம் அமைத்தனர். அவர்களை அவ்வாறு திரட்டுவதில் முன்நின்றவர் ஜார்ஜ் ஜோசப்.

சங்கம் அமைப்பது எளிய செயல் அன்று. எழுதப் படிக்க அறியாத ஒருவனிடம் உறுப்பினராகச் சேருமாறு சொன்னால், அவன் முதலில் எண்ணுவது யாது? தன் வேலை போய்விடுமோ என்பதே. இன்று கூலி இல்லை என்றால் நாளை அடுப்பு எரியாது. வெவ்வேறு ஊரினர், வெவ்வேறு குலத்தினர் ஒருவரையொருவர் நம்ப வேண்டும். ஒருவன் பின்வாங்கினால் அனைவரும் கெடுவர் என்பதை உணர வேண்டும். இந்த நம்பிக்கையே சங்கத்தின் முதல். அதனை வளர்ப்பதற்குப் பொறுமை வேண்டும். தொழிலாளர் தம் குறையை மனம்விட்டுச் சொல்லும்போது செவிகொடுத்துக் கேட்கும் பண்பும் வேண்டும்.

மதுரைத் தொழிலாளர் கூடி நின்று போராடினர். அதன் பயனாகக் கூலி உயர்ந்தது. வேலை நேரமும் குறைந்தது. ஒற்றுமைக்கு உள்ள ஆற்றலை அவர்கள் கண்ணாரக் கண்டனர். ஆனால், ஆலை முதலாளிகளும் வாளா இருக்கவில்லை. அவர்களும் அரசாங்கமும் ஒன்று சேர்ந்து சங்கத்தை ஒடுக்கினர். சில காலத்துக்குள் அது மூடப்பட்டுவிட்டது. அந்நாளில் தொழிற்சங்கத்துக்குச் சட்டத்தின் காப்பு இல்லை. சங்கம் நடத்துவோர்மீது முதலாளி வழக்குத் தொடுத்தால், அவர்கள் நட்ட ஈடு கொடுக்கவும் நேரிடும். இக்குறை 1926 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இந்தியத் தொழிற்சங்கச் சட்டத்தால்தான் நீங்கியது. மதுரைச் சங்கம் அச்சட்டத்துக்கு எட்டு ஆண்டுகள் முற்பட்டது. காப்பு இல்லாத காலத்தில் முளைத்த பயிர் கருகியது. ஆயினும் விதை மண்ணில் தங்கியது. பின்னர் மதுரையில் எழுந்த தொழிலாளர் இயக்கங்களுக்கு அதுவே முன்னோடியாகும்.

கைரேகைச் சட்டம்

ஆலையின் கொடுமை நகரத்தில் இருந்தது. அதனினும் பெரிய கொடுமை ஒன்று சிற்றூர்களில் இருந்தது. அது குற்றப் பரம்பரைச் சட்டம். 1871 ஆம் ஆண்டில் வட இந்தியாவில் முதன்முதல் கொண்டுவரப்பட்ட அச்சட்டம், 1911 ஆம் ஆண்டில் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் அதனைக் கைரேகைச் சட்டம் என்றே குறித்தனர். பெயர் பதிவு செய்யப்படுவோர் தம் விரல்களின் ரேகையைப் போலீசாரிடம் பதிக்க வேண்டியிருந்தமையே அதற்குக் காரணம்.

உலகில் எந்நாட்டிலும் குற்றம் செய்தவனைத் தண்டிப்பது சட்டத்தின் இயல்பு. இச்சட்டமோ குற்றம் செய்யாதவனையும் குற்றவாளியாகக் கருதியது. ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரை என்று அரசாங்கம் அறிவித்துவிட்டால் போதும். அச்சமூகத்தில் பிறந்த ஆடவன் அவன் பிறப்பினாலேயே சந்தேகத்துக்கு உரியவன் ஆவான். பதிவு செய்யப்பட்டவர்கள் குறித்த நேரங்களில் காவல் நிலையத்தில் முகம் காட்ட வேண்டும். பல ஊர்களில் இரவுதோறும் அங்கேயே சென்று படுக்கவும் நேர்ந்தது. நாளெல்லாம் ஏர் பிடித்துக் களைத்தவனும், அன்று மணம் புரிந்தவனும் இரவில் காவல் நிலையத்தை நோக்கி நடந்தனர். வெளியூர் செல்ல வேண்டுமாயின் ராதாரிச் சீட்டு என்னும் அனுமதிச் சீட்டைப் பெற வேண்டும். அஃது இல்லாமல் உறவினர் வீட்டுச் சாவுக்குச் சென்றாலும் குற்றமே. மீண்டும் மீண்டும் தண்டனை பெறுவோருக்கு மற்றவர்களுக்கு உள்ளதைவிடக் கடுமையான தண்டனைகள் வகுக்கப்பட்டிருந்தன.

இவை யாவற்றினும் கொடியது ஒன்று உண்டு. அரசாங்கத்தின் அறிவிப்பு செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் ஆராயலாகாது என அச்சட்டமே விதித்திருந்தது. தான் நல்லவன் என்று மெய்ப்பிக்கும் வாயிலும் ஒருவனுக்கு அடைபட்டிருந்தது.

மதுரை மாவட்டத்துப் பிறமலைக் கள்ளர்மீது இச்சட்டம் செலுத்தப்பட்டது. அவர்கள் பணிந்துவிடவில்லை. 1920 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 3 ஆம் நாள், உசிலம்பட்டிப் பகுதியில் உள்ள பெருங்காமநல்லூர் மக்கள் கைரேகை வைக்க மறுத்து நின்றனர். போலீசார் துப்பாக்கியால் சுட்டனர். 16 பேர் உயிர் துறந்தனர். மாயக்காள் என்னும் பெண்மணியும் அவர்களுள் ஒருவர். வறண்ட நிலத்தில் சிந்திய அவ்விரத்தம் தென்னாட்டை நடுங்கச் செய்தது.

இச்சட்டத்துக்கு எதிராகக் குரல் எழுப்பியவர்களுள் ஜார்ஜ் ஜோசப் முதன்மையானவர். இதனால் துன்புற்ற கள்ளர், மறவர் ஆகியோருக்காக அவர் நீதிமன்றங்களில் வாதாடினார். செய்தித்தாள்களில் விரிவாக எழுதினார். அறிவிப்பை எதிர்க்கும் வழியைச் சட்டம் அடைத்திருந்தபோதும், அச்சட்டத்தின்கீழ்க் கூண்டில் நிறுத்தப்பட்ட ஒவ்வொரு மனிதனுக்காகவும் பேசுவதற்கு வழி இருந்தது. அவ்வழியை அவர் பயன்படுத்தினார். எழுத்தறியாத உழவன் சொல்ல இயலாததை, எடின்பரோவில் தத்துவம் கற்ற பாரிஸ்டர் எடுத்துச் சொன்னார்.

மக்கள் அவருக்கு அளித்த கைம்மாறு பொன்னும் பொருளும் அன்று, ஒரு பெயர். ஜோசப் என்னும் அயற்பெயர் சிற்றூர் மக்களின் நாவில் ரோசாப்பூ ஆயிற்று. துரை என்பது அந்நாளில் வெள்ளை அதிகாரியைக் குறிக்கும் சொல். அச்சத்தோடு சொல்லப்படும் சொல். அச்சொல்லை அம்மக்கள் அன்போடு ஒருவருக்குச் சூட்டினர் என்றால், அவர்மீது கொண்ட நம்பிக்கையை என்னென்பது! தம் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயரிட்ட குடும்பங்களும் உண்டு.

சிறையும் வைக்கமும்

1919 ஆம் ஆண்டில் ரௌலட் சட்டத்தை எதிர்த்துக் காந்தியடிகள் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது, மதுரையில் அதற்குத் தலைமை தாங்கியவர் ஜோசப். கூட்டங்களும் உண்ணாநோன்பும் கடையடைப்பும் அங்கு நடைபெற்றன. பின்னர் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது, வளம் கொழித்த வழக்குத் தொழிலை அவர் துறந்தார். மோதிலால் நேருவின் அழைப்பை ஏற்று அலகாபாத் சென்று இண்டிபெண்டெண்ட் என்னும் நாளிதழின் ஆசிரியரானார். அதில் அச்சமின்றி எழுதியமையால் 1921 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சிறைப்பட்டார். விடுதலை பெற்றபின், காந்தியடிகள் சிறையில் இருந்த 1923 ஆம் ஆண்டில், அடிகளாரின் யங் இந்தியா இதழை நடத்தும் பொறுப்பும் அவரிடம் வந்தது.

1924 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30 ஆம் நாள் திருவிதாங்கூரில் வைக்கம் சத்தியாக்கிரகம் தொடங்கியது. அங்குள்ள கோவிலைச் சுற்றிய வீதிகளில் தாழ்த்தப்பட்ட மக்கள் நடக்கலாகாது என்னும் தடையை நீக்குவதே அதன் நோக்கம். டி.கே. மாதவன், கே.பி. கேசவ மேனன் ஆகியோரோடு ஜோசப்பும் முன்னின்றார். அது இந்துக்கள் தமக்குள் செய்துகொள்ள வேண்டிய சீர்திருத்தம். ஏனையோர் அதில் ஈடுபடுதல் வேண்டா என்பது காந்தியடிகளின் கருத்து. ஜோசப்போ, பொது வீதியில் நடப்பது குடிமக்கள் அனைவர்க்கும் உரிய உரிமை என்று கருதினார். தலைவர்கள் கைதானபின் போராட்டத்தை நடத்திய அவரும் ஏப்ரல் திங்களில் சிறை செய்யப்பட்டார். அதன்பின் தமிழ்நாட்டிலிருந்து ஈ.வெ. இராமசாமிப் பெரியார் சென்று போராட்டத்துக்கு வலிமை சேர்த்தார். 1925 ஆம் ஆண்டில் போராட்டம் முடிவுற்றபோது, கோவிலைச் சுற்றிய வீதிகளுள் பெரும்பகுதி எல்லார்க்கும் திறக்கப்பட்டது.

பெருங்காமநல்லூரும் வைக்கமும் தொலைவில் உள்ள இரண்டு ஊர்கள். ஆயினும், இரண்டிலும் எழுந்த வினா ஒன்றே. ஒருவன் எக்குலத்தில் பிறந்தான் என்பதைக் கொண்டு அவனைக் கள்வன் என்றோ தீண்டத்தகாதவன் என்றோ முத்திரை குத்தலாமா? ஜோசப் இரண்டு இடங்களிலும் ஒரே விடையையே தந்தார். மனிதனை அவன் செயலால் அளக்க வேண்டுமேயன்றிப் பிறப்பால் அளத்தலாகாது என்பதே அவ்விடை. அதற்காகத் தாம் பெரிதும் மதித்த தலைவரின் கருத்திலிருந்து மாறுபடவும் அவர் தயங்கவில்லை. வைக்கத்துக்குப்பின் அவர் காங்கிரசிலிருந்தும் சில ஆண்டுகள் விலகி நின்றார். பிற்காலத்தில் மீண்டும் அதிற்சேர்ந்தார்.

விருதுநகர் வழக்கு

1925 ஆம் ஆண்டில் ஜோசப் மதுரைக்குத் திரும்பி வந்தார். 1933 ஆம் ஆண்டில், அருப்புக்கோட்டைக்கு அண்மையில் உள்ள விருதுநகரில் வெடிகுண்டு வழக்கு ஒன்று எழுந்தது. காவல் நிலையத்திலும் அஞ்சல் நிலையத்திலும் குண்டு வீசியதற்குச் சதி செய்தார் என்று ஓர் இளைஞர்மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர் செல்வம் இல்லாதவர், பள்ளிக் கல்வியைப் பாதியில் விட்டவர், காங்கிரசுத் தொண்டர். அவருக்காக டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோசப்பும் வாதாடினர். குற்றச்சாட்டுக்கு அடிப்படை இல்லை என்பதை நிலைநாட்டினர். இளைஞர் விடுதலை பெற்றார். அவரே பின்னாளில் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக விளங்கி, சிற்றூர்தோறும் பள்ளிகளைத் திறந்து, ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளித்த காமராசர். அன்று அவ்வழக்கில் நீதி பிறழ்ந்திருந்தால், தமிழ்நாடு இழந்திருக்கக்கூடியது எத்துணை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இதற்கிடையே குற்றப் பரம்பரைச் சட்டம் தெற்கேயும் பரவிற்று. கமுதி, முதுகுளத்தூர்ப் பகுதியில் ஆப்ப நாட்டு மறவர்மீது 1929 ஆம் ஆண்டில் அது செலுத்தப்பட்டது. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகச் சென்று மக்களைத் திரட்டி அதனை எதிர்த்தார். 1934 ஆம் ஆண்டில் அபிராமத்தில் கூடிய மாநாடு அச்சட்டத்தை நீக்குமாறு அரசாங்கத்தைக் கேட்டுக்கொண்டது. முன்னர் ஒரு சிலர் எழுப்பிய குரல் இப்பொழுது பல்லாயிரவர் குரலாயிற்று.

இறுதி நாட்கள்

1937 ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஜோசப் மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி ஆகிய மாவட்டங்கள் சேர்ந்தது அவருடைய தொகுதி. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அந்நாளில் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. ஆகவே, இவ்வறண்ட நாட்டின் சார்பாளராகவும் அவர் அச்சபையில் அமர்ந்தார். ஆனால், அப்பணி நெடுநாள் நீடிக்கவில்லை. 1938 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 5 ஆம் நாள் மதுரையில் அவர் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 50.

அவர் கண்ணை மூடியபோது முடிந்திருந்தவை எவை, முடியாதிருந்தவை எவை? திருவிதாங்கூரில் 1936 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஆலயங்களும் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டன. அதனை அவர் கண்டார். மதுரையில் அவர் வளர்த்த தொழிலாளர் சங்கம் அவர் கண்முன்னரே மூடப்பட்டது. ஆலைத் தொழிலாளர் வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்னும் வரம்பைச் சட்டத்தால் பெற்றது 1946 ஆம் ஆண்டில்தான். குற்றப் பரம்பரைச் சட்டமோ, அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து 1947 ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் நீக்கப்பட்டது. 1952 ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் ஒழிந்தது. இரவுக் காவல் நிலையத்தை நோக்கிய அந்த நடை அன்றுதான் நின்றது. தாம் பாடுபட்டவற்றுள் பெரும்பகுதியின் பயனை ஜோசப் தம் கண்ணால் காணவில்லை.

ஆயினும், பனங்கொட்டையை ஊன்றுபவன் அதன் நுங்கைத் தான் உண்பதற்காக ஊன்றுவதில்லை. வறண்ட நாட்டு மக்கள் இதனை நன்கு அறிவர். அதனால்தான், வெற்றியைக் கொண்டு மட்டும் அவரை அவர்கள் அளக்கவில்லை. தம்மைக் கள்வர் என்று அரசாங்கம் பட்டியல் எழுதிய நாளில், மனிதர் என்று மதித்தவர் அவர். தனியே நின்று நடுங்கிய தொழிலாளரை ஒருங்கே நிற்கச் செய்தவர் அவர். மதுரையில் இன்று அவருக்குச் சிலை உண்டு. எனினும், ஏட்டில் எழுதாமலே தலைமுறை தலைமுறையாக மக்களின் நாவில் நிலைத்துவிட்ட ரோசாப்பூத் துரை என்னும் பெயர், அச்சிலையினும் உறுதியானது.

தம் குலத்தார்க்கு இழைக்கப்படும் தீங்கைக் கண்டு கொதிப்பது மனித இயல்பு. தமக்கு எவ்வகையிலும் உறவில்லாதவர்க்கு இழைக்கப்படும் தீங்கையும் தம்முடையதாகக் கொண்டு, அதற்காகத் தம் வளவாழ்வை இழப்பது சான்றோர் இயல்பு. அந்த இயல்பு நம்மிடையே வளருமாயின், எந்தச் சட்டமும் எந்த ஆலையும் எளியோரைத் தனிமைப்படுத்தி நசுக்குதல் இயலாது. ஜார்ஜ் ஜோசப்பின் வாழ்க்கை நமக்கு விட்டுச் சென்ற செல்வம் இதுவே.